ஸ்லாபுக்குள் காசைப் படமெடுக்கும் நண்பர்களுக்கு

அன்புள்ள நாணயச் சேகரிப்பாளர்களே,

திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். ஊரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறவன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் போக மிச்சமிருக்கும் நேரத்தில் பழைய காசும் பார்ப்பேன். இரண்டும் கொஞ்சம் தெரியும் என்பதால் உங்களில் பலர் எனக்குப் படம் அனுப்புகிறீர்கள். “அண்ணே, இது எந்த ராஜா?” “சார், ஒரிஜினல்தானா?” “கிரேடு சரியாப் போட்டிருக்காங்களான்னு பாருங்க.” பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் தெரிவதெல்லாம் வேறு. குறுக்கே ஒரு டியூப்லைட். ஒரு ஓரத்தில் மின்விசிறியின் இறக்கை. நடுவில் செல்போனைப் பிடித்த நாலு விரல், அதற்கு மேலே உங்கள் மூக்குக்கண்ணாடி. எந்தக் கம்பெனி போன் என்றுகூடச் சொல்லிவிடுவேன். எந்த ராஜா என்றுதான் சொல்ல முடியவில்லை.

பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் காசைப் படமெடுப்பது சிரமமான வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அதை விட்டுவிட முடியாது. காரணம் சொல்கிறேன்.

எங்கள் அண்ணாமலையார் கோயில் சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகளைப் படிக்க வந்தவர்கள் கல்லையே பார்த்துப் படித்துவிட்டுப் போய்விடவில்லை. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை தடவி மைப்படி எடுத்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் இந்தக் கோயிலைப் பற்றித் தொகுதிகளாக நூல் வெளியிட்டபோது கல்வெட்டு வாசகங்களும் அதில் இடம்பெற்றன. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் இன்று அந்த எழுத்தைத் திரும்பப் பார்த்து, “இந்த இடத்தில் வாசிப்பு தப்பு” என்று சொல்ல முடியும். கல்லாவது அதே சுவரில் நிற்கிறது. காசு நிற்காது. இன்று செங்கத்தில் இருக்கும், அடுத்த வருடம் மும்பை ஏலத்தில் இருக்கும், அதற்கடுத்த வருடம் யார் வீட்டு லாக்கரிலோ போய் அடைந்துவிடும். அதற்கு இருக்கும் ஒரே மைப்படி நீங்கள் எடுக்கும் படம்தான். அழகாக இருக்கிறதா, லைக் விழுமா, விலை ஏறுமா என்பதெல்லாம் பிறகு. அந்தப் படத்தை வைத்து இன்னொருவர் காசைப் படிக்க முடிய வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது அவ்வளவுதான்.

செங்கம் என்று சொன்னேன். அந்தப் பக்கத்து ஆண்டிப்பட்டியில் 1960களின் கடைசியில் கிடைத்த ஈயக் காசுகளைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்போது அது வட ஆர்க்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான். தொல்லியல் துறையில் இருந்த இரா. நாகசாமி அந்தக் காசுகளை ஆராய்ந்து எழுதினார். அவற்றில் பழைய தமிழ் எழுத்தில் ஒரு பொறிப்பு, அதில் சேந்தன் என்ற பெயர். மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இருந்த மண்ணில், பெயர் பொறித்த காசு! ஆனால் அது ஈயம். ஈயக் காசைக் கையில் வைத்துப் பார்த்தவருக்குத் தெரியும்: சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறத்தில் எழுதியது மாதிரி இருக்கும். நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து முழுக்கக் காணாமல் போகும். பக்கவாட்டில், தாழ்வாக ஒரு விளக்கை வைத்தால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் மெல்லிய நிழல் விழும். அப்போதுதான் ஒரு ‘ச’வும் ஒரு ‘த’வும் பிரிந்து தெரியும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் பாண்டியர் செப்புக் காசில் பெருவழுதி என்ற பெயரைப் படித்துச் சொன்னதும் இந்த மாதிரி சிற்றெழுத்து வேலைதான். நம் தமிழ்நாட்டுப் பழங்காசுகளில் அரசன் முகம் அபூர்வம். நமக்கு இருப்பது சின்னங்களும் சில எழுத்துகளும். ஒரு எழுத்து மறைந்தால் ஒரு அரசனே மறைந்துபோவான்.

இப்போது பிளாஸ்டிக்குக்கு வருவோம்.

அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் காசைப் பரிசோதித்து, 1 முதல் 70 வரை எண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் கட்டியில் அடைத்து மூடித் தர ஆரம்பித்தன. அதைத்தான் நாம் ஸ்லாப் என்கிறோம். அதற்கு முன்பே வட்ட கேப்சூல் இருந்தது. அட்டையில் ஸ்டேப்ளர் அடித்த டூ-பை-டூ இருந்தது. பை மாதிரியான ஃபிளிப் இருந்தது. பாதுகாப்புக்காக வந்தவைதான் எல்லாம். ஆனால் கேமராவைப் பொறுத்தவரை காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி வந்து நின்றுவிட்டது. உலோகம் தனியாகவே பளபளக்கும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்தார் தங்கள் நாணயப் பட்டியல்களுக்குக் காசையே படம் எடுக்காமல், பிளாஸ்டர் அச்சு எடுத்து அந்த வெள்ளை அச்சைப் படம் எடுத்தார்கள். நமக்கு உலோகமும் உண்டு, பிளாஸ்டிக்கும் உண்டு, அச்செடுக்கவும் வழியில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு விதி போதும். ஒளி எந்தச் சாய்வில் வந்து விழுகிறதோ, அதே சாய்வில் எதிர்ப்பக்கம் தெறிக்கும். ஸ்லாபை மேசையில் படுக்க வைத்து, போனை நேர் மேலே பிடித்தால், பிளாஸ்டிக்கின் தட்டைப் பரப்பில் லென்ஸுக்குத் தெரிவது எது? நேர் மேலே இருப்பது மட்டும்தான். அதாவது போன், உங்கள் கை, முகம், கூரை, விசிறி. பக்கத்திலிருந்து வரும் விளக்கு தட்டைப் பரப்பில் பட்டு எதிர்ப்பக்கச் சுவருக்குப் போய்விடும், லென்ஸுக்கு வராது. ஆக, எதிரொளியைக் குறைக்க மேலே இருப்பதைக் கறுப்பாக்க வேண்டும், வெளிச்சத்தைப் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

செய்முறை ரொம்பச் சாதாரணம். கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். போன் டார்ச்சையும் ஃபிளாஷையும் தொடவே தொடாதீர்கள். ஸ்லாப் படம் கெடுவதற்குப் பாதிக் காரணம் அவைதான். ஸ்டேஷனரிக் கடையில் கறுப்புச் சார்ட் ஒன்று வாங்கி, லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியே எடுங்கள். இப்போது பிளாஸ்டிக்கில் தெரிவது கறுப்பு மட்டும். அந்தக் கறுப்பு, காசை மறைக்காது. கூர்ந்து பார்த்தால் ஓட்டை மட்டும் ஒரு புள்ளியாகத் தெரியலாம். ஸ்லாபின் ஒரு ஓரத்துக்குக் கீழே ஒரு தீக்குச்சி கனத்துக்கு அட்டையை வைத்தால் அதுவும் நகர்ந்துவிடும். விளக்குகளைக் கடிகாரத்தில் 10 மணி, 2 மணி இருக்கும் திசையில் வையுங்கள். எவ்வளவு உயரம் என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு காசுக்கும் வேறு. விளக்கை மெதுவாக மேலே தூக்கிக்கொண்டே திரையைப் பாருங்கள். காசின் பரப்பு வெளிச்சமாகிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கறை எட்டிப்பார்க்கும். அங்கே நிறுத்தி, கொஞ்சம் இறக்குங்கள். உங்கள் காசுக்கு, உங்கள் விளக்குக்கு, அதுதான் சரியான உயரம்.

விளக்கை மேல் பக்கத்தில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் கண்ணுக்கு வெளிச்சம் மேலிருந்து வருவதுதான் பழக்கம். கீழ்ப்பக்கத்திலிருந்து விளக்கு அடித்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். தேய்ந்த சோழர் காசில் நின்றுகொண்டிருக்கும் மனித உருவம் குழிக்குள் விழுந்த மாதிரித் தெரியும். எழுத்தைப் படிக்க உட்கார்ந்தவருக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை.

போனைக் காசுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டிவைப்பதையும் விடுங்கள். பக்கத்தில் போனால் போனே வெளிச்சத்தை மறைக்கும், வட்டக் காசு லேசாகக் கோணும், பல போன்கள் உங்களைக் கேட்காமலே அகல லென்ஸுக்கு மாறி மேக்ரோ என்று சொல்லிக்கொள்ளும். அதை அணைத்துவிட்டு, ஒரு சாண் தூரத்துக்கு மேலிருந்து இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஜூம் வைத்து எடுங்கள். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி போனை அதன்மேல் கிடத்தி, டைமர் வைத்தால் கை நடுக்கம் இல்லை. ஃபோகஸ் சில சமயம் பிளாஸ்டிக்கின் மேலிருக்கும் கீறலில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் காசின் எழுத்தைத் தொட்டுக் கொடுங்கள். என்.ஜி.சி. ஸ்லாபில் காசைச் சுற்றி வெள்ளைச் சட்டம் இருக்கும். அந்த வெள்ளையைப் பார்த்து போன் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். தொட்ட இடத்திலேயே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

சாய்ந்த ஒளி ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு வெள்ளிக் காசை உதாரணமாகச் சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி 1808 வாக்கில் சென்னையில் அடித்த அரை வராகன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு தனிப் பிரியம், ஏனென்றால் ஒரு பக்கம் முழுக்க ஒரு கோயில் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் தாமரையில் எழும் திருமால். சுற்றி வரும் வளையத்தில் தமிழிலும் தெலுங்கிலும் அதன் மதிப்பு. ரூபாயைவிடப் பெரிய காசு, எடை சுமார் 21 கிராம். இதில் பலவற்றைப் புதிதாக உருக்கி அடிக்கவில்லை. ஸ்பானிய டாலர் என்று அப்போது உலகம் முழுக்கப் புழங்கிய எட்டு ரியால் காசின் மேலேயே கோபுரத்தை அடித்துவிட்டார்கள். அதனால் சில காசுகளில் கோபுரத்துக்கு அடியில் பழைய ஸ்பானிய எழுத்தின் ஒரு கால், ஒரு கேடயத்தின் ஓரம், அரசன் முகத்தின் ஒரு வளைவு மிச்சமிருக்கும். சேகரிப்பாளனுக்கு அதுதான் விருந்து. மெக்சிகோவிலோ பெருவிலோ வெள்ளியாகப் பிறந்து, கப்பலேறி வந்து, சென்னைத் தங்கசாலையில் கோபுரம் போர்த்துக்கொண்ட கதை ஒரே காசில் இருக்கிறது. ஆனால் இரண்டு விளக்கைச் சமமாக வைத்து, டிரேசிங் பேப்பர் வழியாக மென்மையாக வெளிச்சம் கொடுத்து எடுத்தால் கோபுரம் மட்டும் அழகாக விழும். அடியில் இருக்கும் பேய் உருவம் துளியும் தெரியாது. ஒரு விளக்கை அணைத்து, மற்றதை 30 டிகிரி வாக்கில் தாழ்த்தி, ஸ்லாபை மேசையில் வைத்தபடியே திருப்பிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு திசையில் அது எழும். அந்தத் திசையில் ஒரு படம் தனியாக எடுத்து வையுங்கள். அதற்குக் கீழே தாழ்த்தினால் ஸ்லாபின் மேட்டு விளிம்பு காசின் மேல் நிழல் போடும், பிளாஸ்டிக்கில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் வெள்ளைக் கோடாக எரியும். ஸ்லாபில் அடைத்த காசுக்கு அதுதான் எல்லை. ஃபிளிப்பில் இருக்கும் காசாக இருந்தால் வெளியே எடுத்து, ஓரத்தைப் பிடித்து வைத்து இன்னும் தாழ்த்தலாம்.

ஒரே படத்தில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? 2001இல் எச்.பி. ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் வேலைசெய்தவர்களும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். கேமராவை நகர்த்தாமல், விளக்கை மட்டும் பல திசைக்கு மாற்றிப் பல படம் எடுத்து, கணினியில் ஒன்றுசேர்ப்பது. பிறகு திரையில் வெளிச்சத்தை நாமே நகர்த்திப் பார்க்கலாம். மியூசியங்கள் இன்று காசுக்கும் களிமண் பலகைக்கும் அதைப் பயன்படுத்துகின்றன. நம்மிடம் அந்த மென்பொருள் இல்லாவிட்டால் பரவாயில்லை. போனை அசைக்காமல், நாலு திசையில் விளக்கை மாற்றி நாலு படம். அனுப்புகிறவருக்கு இரண்டு நிமிடம். படிக்கிறவருக்கு நாலு மடங்கு லாபம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்களில் கொஞ்சம் கேமரா தெரிந்தவர்கள் போலரைசர் ஃபில்டர் போட்டால் எதிரொளி போய்விடும் என்கிறீர்கள். நேர் மேலிருந்து எடுக்கும்போது லென்ஸில் மட்டும் போலரைசர் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அது வேலை செய்வது சாய்வாகப் பார்க்கும்போது. சரி என்று விளக்குக்கும் ஒரு போலரைசர் தாளை ஒட்டி, லென்ஸில் இருப்பதைக் குறுக்காகத் திருப்பினால், பிளாஸ்டிக் எதிரொளி மொத்தமும் போகும். கூடவே உலோகத்தின் பளபளப்பும் போகும். வெள்ளிக்காசு சிமெண்ட் காசு ஆகிவிடும். அதைவிட மோசம் இன்னொன்று. ஸ்லாப் என்பது உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் அழுத்தி வார்த்தது. குளிரும்போது அதற்குள் இறுக்கம் தங்கிவிடும். குறுக்குப் போலரைசர் வழியே பார்த்தால் அந்த இறுக்கம் வானவில் நிறங்களாகத் தெரியும்: நீலம், ஊதா, மஞ்சள் பட்டைகள். காசில் அந்த நிறம் கிடையாது. ஆனால் படத்தைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஆஹா, என்ன டோனிங்! இயற்கையாகவே வானவில் நிறம் ஏறிய வெள்ளிக் காசுக்குச் சந்தையில் கூடுதல் விலை என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எடுத்தாலும் அது பொய்ப்படம்தான். ஸ்லாப் படத்துக்குக் குறுக்குப் போலரைசர் வேண்டாம் என்பது என் முடிவு.

நிறத்தைப் பற்றியும் அதே கண்டிப்போடு ஒரு வார்த்தை. செப்புக்காசு ஸ்லாபில் பழுப்பு, செம்பழுப்பு, செம்மை என்று மூன்று வகை போட்டிருக்கும். விலையும் அதைப் பொறுத்து ஏறும். மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்தால் பழுப்புக் காசு புதுச்செம்பு மாதிரி சிவந்து நிற்கும். ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் பல்பு என்றால் காசின் பாதி நீலம், பாதி ஆரஞ்சு. ஒரே வகை விளக்கு வையுங்கள், படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளோ சாம்பல் அட்டையோ தெரியட்டும். பார்ப்பவரே நிறத்தைச் சரிபார்த்துக்கொள்வார். சோக் போட்ட பழைய டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுக்குவதால் படத்தில் வரிவரியாகக் கோடு விழும். அது காசின் கோடு என்று எண்ணி என்னைக் கேட்டவர்கள் உண்டு. போன் தானாகச் செய்யும் அழகுபடுத்தலையும் அணையுங்கள். இல்லாத எழுத்தின் ஓரத்தைக் கூராக்கி, இருக்கும் கீறலைத் தேய்த்து அது உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்லாபைத் துடைப்பதில் ஜாக்கிரதை. மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி போதும். ஸ்டிக்கர் பசை போக நெயில் பாலிஷ் ரிமூவர் ஊற்றினால் அதிலிருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துப் பால் நிறமாக்கிவிடும். காசைத் துடைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பூஜைப் பாத்திரத்துக்குப் போடும் புளியையும் விபூதியையும் காசுக்குப் போட்டவர்கள் எங்கள் ஊரில் நிறைய. மினுமினு என்று கொண்டுவருவார்கள், ஆயிரம் மயிர்க்கோடுகளோடு. சாதா ஃபிளிப்பின் மென்மையான பி.வி.சி. வெயிலில் கெட்டு அமிலம் கசியவிடும். செப்பின் மேல் பச்சைப் பிசுக்கு படியும். ஆண்டிப்பட்டி மாதிரி ஈயக் காசு யாரிடமாவது இருந்தால் மரப்பெட்டியிலும் சாதா அட்டைப் பெட்டியிலும் வைக்காதீர்கள். அவற்றிலிருந்து கிளம்பும் அமில வாடை பட்டு ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். அந்தப் பொடியை ஊதாதீர்கள், தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

விற்பதற்குப் படம் போடுகிறவர்களுக்கு ஒன்று. 1911ஆம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் ரூபாயை எடுத்துக்கொள்வோம். மன்னரின் அங்கியில் சங்கிலியில் தொங்கும் யானை, துதிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி மாதிரித் தெரிகிறது என்று பேச்சுக் கிளம்பி, மறு ஆண்டே யானையைத் திருத்தினார்கள். இந்தக் காசை வாங்குகிறவர் முதலில் தேடுவது அந்த யானையைத்தான், அது அரிசி மணி அளவுகூட இருக்காது. மன்னர் முகம் பளிச்சென்று விழுந்து மார்பு மங்கிப்போன படத்தால் என்ன பயன்? முழு ஸ்லாபும் லேபிளோடு முன்னும் பின்னும். காசின் இரு பக்கமும் அருகில். பிறகு யானை மட்டும் தனியாக. லேபிளில் இருக்கும் எண்ணை மறைக்காதீர்கள். போலி ஸ்லாப் செய்கிறவன் எண்ணைத் திருடுவான் என்ற பயம் நியாயம்தான். ஆனால் அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் பதிவில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுவதுதான் வாங்குகிறவருக்கு இருக்கும் ஒரே பிடி. கீறல் தெரியாத கோணத்தில் மட்டும் வெளிச்சம் வைப்பது எப்படி என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பத்து விநாடி வீடியோவில் ஸ்லாபை விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துக் காட்டினால் அந்த வித்தை எடுபடாது. அசல் ஒளிர்வு உள்ள காசில் வெளிச்சம் சக்கரம் போலச் சுற்றி வரும். துடைத்த காசில் அது வராது. கேட்டு வாங்குங்கள்.

ஸ்லாபுக்குள் போனால் மூன்று விஷயங்கள் நிரந்தரமாக மறைந்துவிடும்: எடை, கனம், விளிம்பின் பெரும்பகுதி. நம் ஊர்க் காசுகளுக்கு அந்த மூன்றும்தான் உயிர். ஒரு தங்கப் பணம் அரை கிராம்கூட இருக்காது, ஒரு சென்டிமீட்டர் அகலமும் வராது. எடையில் வரும் சின்ன வித்தியாசத்தையும் பார்த்துத்தான் அதை எந்த வம்சத்தில் சேர்ப்பது என்று ஆராய்கிறோம். வார்ப்புப் போலிகள் தங்களைக் காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் விளிம்பில்தான். அதனால் அடைப்பதற்கு முன்பே தராசில் வைத்து அந்த எண்ணோடு ஒரு படம், விளிம்பைச் சுற்றி இரண்டு படம் எடுத்துவிடுங்கள். அடைத்த பிறகு படத்துக்காக ஸ்லாபை உடைக்கச் சொல்ல மாட்டேன். உடைத்தால் கிரேடும் போச்சு, காசும் சில சமயம் போச்சு.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மேலே சொன்ன பன்றி ரூபாயும் அந்த வயதைத் தாண்டிவிட்டது. சோழர் காசைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அமெரிக்க ஸ்லாப் வேண்டும் என்ற ஆசையில் அதைக் கூரியரில் போடுகிறவர் தன் காசுக்குக் கிரேடு வாங்குவதற்கு முன் வழக்கு வாங்கலாம். நம் பழங்காசுக்கு நல்ல கேப்சூலும் நேர்மையான படமும் போதும் என்பது என் அபிப்பிராயம். எண் போட்ட லேபிள் இல்லாததால் ராஜராஜனின் செப்புக்காசு குறைந்துபோய்விடாது.

கடைசியாக, எங்கள் மாவட்டத்துச் செய்தி. 2025 நவம்பரில் ஜவ்வாது மலைக் கோவிலூர் சிவன் கோயில் திருப்பணியின்போது மண் கலயத்தில் 103 பொற்காசுகள் கிடைத்தன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் 505 பொற்காசுகள் கிடைத்தது நினைவிருக்கும். மண்ணுக்குள் கிடைப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது. அதில் நமக்கு ஒரு காசும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு காசுக்கும் இரு பக்கப் படமும் எடையும் போட்டுப் பட்டியல் வெளியிடுங்கள் என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன் நம் பெட்டியில் இருக்கும் காசுகளை நாமே அப்படிப் படமெடுத்து வைத்திருக்க வேண்டாமா?

இந்த மாதம் உங்கள் பெட்டியிலிருந்து பத்துக் காசை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன், பின், லேபிள், சாய்வொளியில் ஒன்று. படத்தோடு எடை, விட்டம், எங்கே எப்போது வாங்கியது என்பதையும் எழுதி வையுங்கள். படிக்க முடியாத எழுத்து இருந்தால் எனக்கும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். அனுப்பும் முன் விசிறியையும் டியூப்லைட்டையும் மட்டும் அணைத்துவிடுங்கள்.

அன்புடன்,
திருவண்ணாமலை ஸ்டுடியோக்காரன்